உப்பிலும் சாகாத பூசணம்!

மீன் கெட்டுப் போகாமல் இருக்க என்ன செய்கிறோம்? உப்பைத் தடவிக் காய வைக்கிறோம். மாங்காய் கெடாமல் இருக்க? உப்பில் ஊறப் போடுகிறோம். உப்பு இருக்கும் இடத்தில் கிருமி அண்டாது என்பது நமது நம்பிக்கை.

ஆனால், உப்புக்கு அஞ்சாத பூசணமும் உண்டு. உப்பு இல்லாவிட்டால் வளராத பூசணமும் உண்டு!

தண்ணீருக்குள் தாகம்

வெள்ளரிக்காயை நறுக்கி உப்பைத் தூவுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். காயில் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது.

கிருமியின் கதியும் இதுதான். அதன் உடம்பில் உள்ள நீரை உப்பு உறிஞ்சிவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் கிருமி தாகத்தால் வாடுகிறது. போதாததற்கு, உப்பு உள்ளே புகுந்தும் தொல்லை கொடுக்கிறது.

உப்பளத்தில் கறுப்புப் பூசணம்

ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு, ஸ்லோவேனியா. அங்கே கடலோரத்தில் செச்சோவ்லியே என்ற இடத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. அந்நாட்டுப் பெண் விஞ்ஞானி நீனா குண்டே-சிமர்மனும் அவருடைய குழுவினரும் உப்புப் பாத்தி நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதில் பூசணங்கள் உயிரோடு இருந்தன! 2000-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அவற்றில் ஒன்று, ஹோர்ட்டேயா வெர்னெக்கி என்னும் கறுப்புப் பூசணம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்பு வரை கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். அவ்வளவு உப்பு கரைந்த நீரிலும் இந்தப் பூசணம் வளரும். உப்பு இல்லாத இடத்திலும் வளரும்!

ரகசியம் என்ன?

இருமல் மருந்தில் சேர்க்கிறார்களே, கிளிசரின்! அதுதான் ரகசியம்.

வெளியே உப்பு கூடியதும், பூசணம் தன் உடம்புக்குள் கிளிசரினைத் தயாரிக்கத் தொடங்குகிறது. கிளிசரின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே உப்பு இழுக்கிறது. உள்ளே கிளிசரின் இழுக்கிறது. நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் என்ற பொருள், கிளிசரின் கசிந்து போகாமல் காக்கிறது. உள்ளே நுழையும் உப்பைப் பூசணம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்டும் இப்படிக் கிளிசரினைத் தயாரிக்கிறது. "உப்பு வந்துவிட்டது, வேலையைத் தொடங்கு" என்று உடம்புக்குள் சேதி சொல்லும் ஏற்பாட்டை, 1993-ல் ஈஸ்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால், ஈஸ்ட் ஓரளவு உப்பைத்தான் தாங்கும். கறுப்புப் பூசணமோ கடைசி வரை போராடும்.

உப்புக்கு ஏங்கும் பூசணம்

வாலெமியா இக்தியோஃபாகா என்று ஒரு பூசணம். "மீன் தின்னி" என்பது பெயரின் பொருள். உப்பிட்ட மீனில் காணப்படுவது. சுமார் 10 சதவிகித உப்பாவது இருந்தால்தான் இது வளரும். உப்பு மிகுந்தால் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, கூட்டமாகச் சேர்ந்து நிற்கும்.

எல்லாம் கெட்டவை அல்ல. ஜப்பானியர் உணவில் ஊற்றும் சோயா சாஸுக்கு மணம் கொடுப்பதும், உப்பில் வாழும் ஒரு வகை ஈஸ்டுதான்!

வீட்டுக்குப் பாடம்

உப்பு நல்ல காவலன். ஆனால், தனியாக நின்று எல்லாரையும் தடுக்க அதனால் முடியாது. துணை வேண்டும்.

கருவாடு நன்றாகக் காய வேண்டும். ஈரக் காற்று படாமல் மூடி வைக்க வேண்டும். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடக் கூடாது. பூசணத்துக்குக் காற்று தேவை. ஆகவே, ஊறுகாயின் மேல் எண்ணெய் மிதந்து நிற்கட்டும்.

பூசணம் பூத்துவிட்டால், மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். சில பூசணங்கள் விஷத்தை உண்டாக்கும். அது உள்ளேயும் ஊறியிருக்கலாம். சமைத்தாலும் முழுவதும் போகாது.

ஒரு ஜாடி ஊறுகாய் போனால் போகட்டும். வீட்டில் உள்ளவர்களின் உடம்பு முக்கியம் அல்லவா?