மீகூன் பிரட்டுவதும் நானோகுழாய் கலப்பதும்



நான்காம் படிவ மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பகுதி ஒன்று கொடுத்திருந்தேன். அதில் ஒரு வரி: நெகிழியில் கார்பன் நானோகுழாய் கலந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். உடனே ஒரு மாணவர், "அப்போ நிறைய கலந்தா இன்னும் நல்லா கடத்தும்தானே டீச்சர்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான் நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாமே!

நானோகுழாய் என்பது கரிம அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய். 1991இல் ஜப்பானிய அறிவியலாளர் சுமியோ இஜிமா வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே உலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது. நம் தலைமுடி இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பு.

நெகிழி தானாக மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இருக்கும் குழாய்கள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வலைபோலப் பின்ன வேண்டும். நன்றாகக் கலந்தால் எடையில் 1 விழுக்காடு, சில சமயம் அதற்கும் குறைவே போதும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உருகிய நெகிழி கெட்டியாகி, வார்ப்பதே சிரமம்.

சிக்கல் கலப்பதில்தான். ஆறிய தண்ணீரில் போட்ட மைலோ மாதிரி, குழாய்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அதை உடைக்க, உருகிய நெகிழியோடு இரட்டைத் திருகு இயந்திரத்தில் பிசைகிறார்கள். பிசைவது போதாவிட்டால் கட்டி அப்படியே நிற்கும். பின்னால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சரி, வேகத்தைக் கூட்டலாமா? மீகூன் பிரட்டியவர்களுக்குத் தெரியும், ரொம்பக் கிண்டினால் பொடிப்பொடியாகிவிடும். குழாய்களும் முறிந்து குட்டையாகும். குட்டைக் குழாய்களை வைத்து வலை பின்ன இன்னும் அதிகமாகப் போட வேண்டியிருக்கும்.

என்னை வியக்க வைத்தது வார்ப்புதான். அச்சுக்குள் வேகமாகப் பீய்ச்சும்போது, சுவரை ஒட்டிய குழாய்கள் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. பக்கத்துக் குழாயைத் தொடுவது குறைந்து, மேல்தோல் சரியாகக் கடத்தாமல் போகிறது. அதே கலவையைத் தட்டுகளுக்கிடையே மெதுவாக அழுத்தி வார்த்தால் நன்றாகக் கடத்தும். வேறுபாடு பல்லாயிரம் மடங்குகூட ஆகலாம். உருகிய நிலையில் சற்று நேரம் சும்மா விட்டாலே, குழாய்கள் நகர்ந்து மறுபடியும் தொட்டுக்கொள்வதும் உண்டு. நிலைமின்னால் மின்னணுச் சில்லு கெடாதிருக்கச் செய்யும் தட்டுகளில் இது விளையாட்டல்ல.

மறுநாள் வெண்பலகையில் கலத்தல், பிசைதல், கிண்டுதல், வார்த்தல் என நான்கு சொற்களை எழுதி, எது எங்கே பொருந்தும் என்று கேட்டேன். அதே மாணவர் கை தூக்கி, "பிசைஞ்சாதான் கட்டி உடையும் டீச்சர், ஆனா அளவா" என்றார்.