ஒளிந்துகொள்ள இடமில்லாத பீர்

பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கத்திலும் திருவள்ளூர் சாலையில் அரண்வாயலிலும் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்துக்குப் பீர் ஆலைகள் உண்டு. ஆவடியிலோ அம்பத்தூரிலோ டாஸ்மாக் கம்பிக்குள் கையை விட்டு "கூலிங் இருக்கா?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பாட்டில் பக்கத்து ஊரில் பிறந்ததாகவே இருக்கலாம். கண்ணாடி போலத் தெளிந்த, வெளிர் மஞ்சள் லாகர். பீர் விஷயத்தில் நுட்பமான ரசனை உள்ளவர்கள் பலர் இதை மதிப்பதில்லை. "மூத்திரத் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உண்மையில், பிழையில்லாமல் தயாரிக்க மிகவும் கடினமான பீர் இதுதான் என்பது என் கட்சி.

அடிப்பிடித்த சாம்பாரைப் புளியும் பெருங்காயமும் ஓரளவு காப்பாற்றிவிடும். அடிப்பிடித்த பாலை யாராலும் காப்பாற்ற முடியாது. வறுத்த மால்ட் போட்ட கறுப்பு பீரும், ஹாப் பூவை அள்ளிக் கொட்டிய கசப்பு பீரும் முதல் வகை. லாகர் பால். பார்லி மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று எதையாவது சேர்த்துச் சுவையை இன்னும் இளக்குகிறார்கள். ஹாப் கசப்பும் பேருக்குத்தான். எனவே இதைச் சுவைத்து மதிப்பிடுபவர் தேடுவது ருசியை அல்ல, பிழையை.

பிழைகளுக்கு நம் சமையலறையிலேயே பெயர் இருக்கிறது. வெண்ணெய் வாசனை வந்தால் டையசெட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட்டின் உபயத்தால் உண்டாகும் இந்தப் பொருளைக் கடைசியில் அந்த ஈஸ்ட்டே திரும்ப விழுங்கிவிடும். அதற்குச் சில நாள் அவகாசம் தர வேண்டும். அவசரப்பட்ட ஆலையின் பீரில் வெண்ணெய் தங்கிவிடும். வேகவைத்த மக்காச்சோளம் மணத்தால் கொதிக்கவைத்ததில் குறை. பச்சை ஆப்பிள் மணத்தால் பீர் இன்னும் முதிரவில்லை. லாகருக்கான இந்த ஈஸ்ட்டே ஒரு விந்தை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும், குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம் அது. அந்தக் காட்டு மூதாதை யார் என்பது வெகுகாலம் தெரியவில்லை. 2011இல் அர்ஜென்டினாவின் படகோனியா காடுகளில், மரக்கிளைப் புடைப்புகளில் அதைக் கண்டெடுத்தார்கள். பிறகு திபெத்திலும் அகப்பட்டது. குளிரில் நிதானமாக வேலை செய்யும் குணம் அதன் வழி வந்த சொத்து. பழ வாசனைகளை அதிகம் கிளப்பாமல் லாகரைத் துப்புரவாக வைப்பதும் அதுவே.

இவ்வளவு பாடுபட்டு வெளியே அனுப்பும் பீருக்கு நம் பக்கத்தில் காத்திருக்கும் எதிரி வெயில். ஹாப்பின் கசப்புப் பொருள் மீது ஒளி பட்டால், பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் அந்த ஒளியை வாங்கிக் கசப்பை உடைக்கிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்ததும் நாற்றம் எழும். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்தில் இருப்பவற்றுக்கு நெருங்கிய சொந்தம் இந்த மூலக்கூறு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் சில பங்கை ஒரு லிட்டரில் கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சை பாட்டில் பார்க்கத்தான் அழகு.

வெப்பத்தைப் பாட்டிலின் நிறம் தடுக்காது. ஆலையிலிருந்து டாஸ்மாக் கிடங்கு, அங்கிருந்து கடை, கடையில் குளிர்பெட்டிக்குள் இடம் கிடைக்கும் வரை அட்டைப்பெட்டி அடுக்கு. மே மாதத்தில் இந்தப் பயணம் பீரை வேகமாகக் கிழடாக்கும். முற்றிய கிழத்தனத்தின் வாசனை, பொருத்தமாகவே, ஈர அட்டைப்பெட்டி வாசனை.

இதையெல்லாம் தனி ஒரு நாக்கை நம்பிச் சொல்லிவிட முடியாது. 1940களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் அதற்கொரு வழி கண்டார்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 24 பேரை உட்காரவைத்தால் 8 சரியான விடை வெறும் அதிர்ஷ்டம். 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் மெய் என்று ஒப்புக்கொள்வார்கள். 1964இல் அமெரிக்காவில் அலிசன், உல் என்ற இருவர் லேபிளை உரித்துவிட்டுப் பீர் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாகக் குடிப்பவர்களாலேயே பொதுவாகத் தங்கள் பிராண்டை அடையாளம் காண முடியவில்லை. லேபிளை ஒட்டியதும் மதிப்பெண் ஏறியது. "நம்ம பிராண்ட் மாதிரி வராது" என்று பார் மேசையில் நடக்கும் சண்டைகளில் பாதி, அச்சடித்த காகிதத்துக்காக நடக்கிறது.

பாட்டிலைத் தண்ணீர் கிளாஸில் கவிழ்த்து 'கிளிசரினை இறக்கும்' வித்தையையும் சொல்லியாக வேண்டும். மஞ்சளாகக் கீழே இறங்குவது பீரேதான். தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அது இறங்க, தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. கிளிசரின் பீரில் உண்டு. ஈஸ்ட் இயல்பாகவே கொஞ்சம் உண்டாக்கும். ஆனால் கரைந்திருப்பது தனியாகப் பிரிந்து வழியாது. காசு கொடுத்து வாங்கியதில் தண்ணீர் கலந்ததுதான் மிச்சம்.

நம் ஊர்க் 'கூலிங்' பழக்கம் ஆலைகளுக்கு வசதியானது. பல் கூசும் குளிரில் வாசனை மேலெழாது, நாக்கும் மரத்துப்போகும், எந்தப் பிழையும் தெரியாது. ஸ்ட்ராங் பீரின் சாராயக் காட்டமும் அதே திரையைப் போடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது ஸ்ட்ராங். லாகரை நியாயமாக எடைபோட வேண்டுமானால் மைல்ட் வகையை எடுத்து, ஏழெட்டு டிகிரி வரை குளிர் தணியவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கில்லாத கிளாஸில் ஊற்ற வேண்டும். மிக்சர் தின்ற உதடு பட்டாலே நுரை அடங்கிவிடும். கொழுப்பு நுரைக்குப் பகை. முதலில் முகருங்கள், பிறகு ஒரு வாய். எந்த வாசனையும் குறுக்கே வராமல், கசப்பு லேசாக வந்து நின்று போனால் அது நல்ல லாகர்.

குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர் கம்பிக்குள் கையை விடும்போது பிராண்டைக் கேட்பதோடு நிற்காமல், லேபிளில் தயாரித்த தேதியையும் பாருங்கள். பழசாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.