ஒரு ப்ரீஆம்ப், இரண்டு பவர் ஆம்ப்

ஹாலில் ஒரு பவர் ஆம்ப், மாடி அறையில் இன்னொன்று. ப்ரீஆம்பிலோ அவுட்புட் ஒரு ஜோடிதான். ஒய் கேபிள் போட்டுப் பிரித்தால் ஒலி பாதியாகிவிடாதா என்று பலரும் தயங்குகிறார்கள். ஆகாது.

ஸ்பீக்கரை அசைக்கும் சக்தியைப் பவர் ஆம்ப் சுவர் பிளக்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ப்ரீஆம்பிடம் அது கேட்பது மின்னழுத்தத்தை மட்டும். மின்னோட்டம் மிகச் சொற்பம். ஓர் அறையில் விளக்கைப் போட்டால் அடுத்த அறை விளக்கு பாதியாக மங்குவதில்லையே, அதே கணக்குதான். இரண்டு ஜோடி அவுட்புட் உள்ள பல ப்ரீஆம்ப்களிலும் உள்ளே ஒரே கம்பிதான் இரண்டாகப் பிரிந்து வருகிறது.

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இம்பீடன்ஸ் எண்களைத் தேடுங்கள். ப்ரீஆம்பின் அவுட்புட் 200 ஓம், பவர் ஆம்ப்களின் இன்புட் 47,000, 22,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இணையாகச் சேரும்போது அந்த இரண்டும் சுமார் 15,000 ஓம் ஆகும். இது 200-ஐப் போல 75 மடங்கு. பத்து மடங்குக்கு மேல் இருந்தாலே போதும். இங்கே ஏற்படும் இழப்பு காதுக்குத் தெரியவே தெரியாது.

வால்வு ப்ரீஆம்ப் என்றால் கவனம் வேண்டும். அவுட்புட் 2,000 ஓம், ஆம்ப்கள் இரண்டும் தலா 10,000 ஓம் என்றால் சேர்ந்த சுமை 5,000 ஓம்தான். ஒலி கிட்டத்தட்ட 3 டெசிபல் குறையும். அதோடு, அவுட்புட்டில் உள்ள கப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் அளவில் இருந்தால் 20 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆழ்ந்த பேஸ் மெலியத் தொடங்கும். அப்போது நடுவில் ஒரு பஃபர் சர்க்யூட் வைப்பதே சரி. மாடி ஆம்பை அணைத்ததும் ஹாலில் ஒலி கரகரத்தாலும் மருந்து அதுதான்: சில ஆம்ப்களின் இன்புட், அணைந்த நிலையில் சிக்னலைக் கடித்துவிடும்.

ஒரு அவுட்புட்டைப் பல இன்புட்டுக்குப் பிரிக்கலாம். இரண்டு அவுட்புட்டை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. ஒரே ஸ்பீக்கரின் பேஸுக்கு ஒரு ஆம்ப், ட்விட்டருக்கு ஒரு ஆம்ப் என்று இணைப்பவர்கள், ஸ்பீக்கர் டெர்மினல்களை இணைக்கும் உலோகப் பட்டைகளை முதலில் கழற்றியாக வேண்டும். மறந்தால் இரண்டு ஆம்ப்களும் ஒன்றோடொன்று மோதி எரிந்துபோகலாம்.

இரண்டாவது ஆம்பைச் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறதா? பெரும்பாலும் அது எர்த் லூப். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். ஒரே அறை என்றால் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து கொடுத்துப் பாருங்கள். மாடிக்குப் போகும் நீண்ட கேபிளுக்கு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இரைச்சலை அடக்க எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் உங்கள் உயிரைக் காப்பது அதுதான்.