முதியோர் இல்லமொன்றின் தரத்தை அறிவது எவ்வாறு?

"முதியோர் இல்லம்" என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலருடைய முகம் சுருங்கிவிடுகின்றது. பெற்றோரைக் கைவிட்டவர்கள் தேடும் இடம் அது என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. ஆனால் அங்கு வாழ்வோர் எல்லாருடைய கதையும் அதுவல்ல. பிள்ளைகள் இல்லாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் உழைப்பவர்கள், பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்து இரவு பகலாகப் பிறர் உதவி தேவைப்படுபவர்கள் எனப் பலரும் அங்கு இருக்கின்றனர்.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் சனத்தொகையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 6.6 வீதமாக இருந்தனர். 2012 இல் அது 12.4 வீதமாக உயர்ந்தது. குடும்பங்களோ சிறுத்து வருகின்றன. எனவே இல்லமொன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். வெட்கத்தினால் இதைப் பேசாமல் விடும் குடும்பம் கடைசி நேரத்தில் அவசரமாக ஓர் இடத்தைப் பிடிக்கும். பிறகு ஊருக்குத் தெரியாமல் எப்போதாவது போய்ப் பார்க்கும். அந்த வெட்கத்தின் விலையைச் செலுத்துபவர் படுக்கையில் கிடக்கும் முதியவரே. ஆகவே, நல்ல பராமரிப்பு எது, நல்லதுபோலத் தோன்றும் பராமரிப்பு எது என்பதைப் பிரித்தறியும் வழியை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மூன்று அளவுகோல்கள்

பெய்ரூத் நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டொனபீடியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மதிப்பிடுவது பற்றி 1966 இல் ஒரு கட்டுரை எழுதினார். தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என்ற மூன்று பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இன்றும் வைத்தியசாலைகளையும் பராமரிப்பு இல்லங்களையும் மதிப்பிடுவோர் இந்த மூன்றையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

சமையலை உதாரணமாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். அடுப்பு, சட்டி, நல்ல அரிசி ஆகியவை அமைப்பு. கழுவி, அளவாக நீரூற்றி, பக்குவமாக ஆக்குவது செயன்முறை. வாயில் வைக்கும்போது கிடைக்கும் சுவை விளைவு. விலையுயர்ந்த சட்டி இருப்பதால் மட்டும் சோறு சுவைத்துவிடுவதில்லை.

அமைப்பு: கண்ணுக்குத் தெரிபவை

இல்லமொன்றுக்குச் செல்வோர் பெரும்பாலும் பார்ப்பது பளபளக்கும் தரையோடு, திரைச்சீலை, முன்முற்றத்துப் பூச்செடிகள் ஆகியவற்றைத்தான். ஆனால் பளபளப்பான தரை நனைந்தால் முதியவருக்கு ஆபத்து. பார்க்க வேண்டியவை வேறு. மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கைபிடிக் கம்பி உண்டா? கட்டிலிலிருந்து அங்கு செல்லும் வழியில் இரவில் வெளிச்சம் உண்டா? சக்கர நாற்காலி வாசற்படியைக் கடக்கச் சாய்தளம் உண்டா? அழைப்பு மணி படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகின்றதா?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஆட்பலம். "எத்தனை ஊழியர்கள்?" என்று கேட்டால் மொத்தத் தொகையைச் சொல்வார்கள். "இரவு பத்து மணிக்குப் பிறகு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அவர்கள் எத்தனை முதியவர்களைக் கவனிக்கின்றார்கள்?" என்று கேட்க வேண்டும். அவர்களுள் தாதிப் பயிற்சியோ, பராமரிப்பாளர் பயிற்சியோ பெற்றவர் யார் என்பதும், ஒவ்வொருவரும் அங்கு எவ்வளவு காலமாகப் பணிபுரிகின்றார் என்பதும் அடுத்த கேள்விகள். ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடத்தில், தேநீருக்குச் சீனி போடக்கூடாத மூதாட்டி யார் என்பதுகூட எவருக்கும் நினைவிருக்காது.

செயன்முறை: நாளாந்த வாழ்வில் நடப்பவை

அமைப்பைச் சுற்றிக்காட்டுவார்கள், செயன்முறையை நாமே கவனிக்க வேண்டும். அதற்கு முன்னறிவித்தலின்றி, வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறையாவது செல்ல வேண்டும். ஒரு முறை பகலுணவு வேளையிலும், ஒரு முறை மாலை மயங்கிய பின்னும், ஒரு முறை ஊழியர் குறைந்திருக்கும் விடுமுறை நாளிலும் செல்வது நல்லது.

உணவு வேளையில் நிறையத் தெரிந்துவிடும். தானாக உண்ண முடியாதவருக்கு ஊட்டுபவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் மென்று விழுங்கும்வரை காத்திருக்கின்றாரா? அல்லது நின்றபடி அடுத்தடுத்துத் திணிக்கின்றாரா? அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சி ஏற்படக்கூடும். ஊட்ட ஆளில்லாமல் தட்டு நிறைந்தபடியே திரும்பிச் செல்வதும் உண்டு. "சாப்பாடு கொடுத்தோம்" என்பதும் "சாப்பிட்டார்" என்பதும் ஒன்றல்ல.

முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். எனவே கேட்டால் மட்டும் தண்ணீர் கொடுப்பது போதாது. நாளில் பல தடவைகள் நினைவூட்டிப் பருகச் செய்ய வேண்டும். நாக்கு வரண்டிருப்பதும், சிறுநீர் கடும் மஞ்சளாக இருப்பதும், வழமையாகத் தெளிவாகப் பேசுபவர் திடீரெனக் குழம்புவதும் நீர்க்குறைவின் அடையாளங்களாக இருக்கலாம்.

மூக்கும் நல்லதொரு சாட்சி. எப்போதாவது ஓரிடத்தில் சிறுநீர் வாடை வீசினால் சற்று முன் ஏதோ நேர்ந்திருக்கின்றது என்று பொருள். போகும்போதெல்லாம் எங்கும் அதே வாடை வீசினால் அது கவனிப்பாரின்மை.

பேச்சையும் கவனியுங்கள். ஊழியர் முதியவரைப் பெயரோடும் உறவுச்சொல்லோடும் அழைக்கின்றாரா, "அந்தக் கட்டில் கிழவி" என்கின்றாரா? உடை மாற்றும்போது திரையை இழுத்துவிடுகின்றாரா? தொடுவதற்கு முன் "இப்போது திருப்பப் போகின்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்கின்றாரா? மரியாதைக்குப் பணம் செலவாவதில்லை. அது இல்லாத இடத்தில் மற்றவையும் நீடிப்பதில்லை.

விளைவு: உடம்பு சொல்லும் உண்மை

படுக்கைப் புண் ஓர் இல்லத்தின் தரத்தைத் தெளிவாகக் காட்டும். ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருக்கையில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் தோல் நசுங்கி, இரத்தவோட்டம் தடைப்பட்டு, தசை அழியத் தொடங்குகின்றது. இடுப்பின் பின்புறம், குதிகால், தொடையெலும்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் இது அதிகம் தோன்றும். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பது நெடுங்கால வழக்கம். விரலால் அழுத்தி எடுத்த பின்னும் வெளிறாத சிவப்பு முதல் எச்சரிக்கை. கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, கடினமாகவோ, சூடாகவோ இருக்கும். பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கக்கூடியவை. எனவே "வயதானால் இப்படித்தான்" என்ற பதிலை உடனே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

உடல் நிறையும் அவ்வாறே பேசும். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து வீதமோ, ஆறு மாதத்தில் பத்து வீதமோ விரும்பாமலே குறைந்தால் காரணம் தேட வேண்டும். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோகிராம் குறைவது பாரதூரமானது. மாதந்தோறும் நிறுத்துப் பதிவு வைத்திருக்கின்றார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது, செயலாற்றல். குளித்தல், உடுத்தல், மலசலகூடம் செல்லல், கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தைக் கட்டுப்படுத்தல், உண்ணுதல் ஆகிய ஆறையும் கொண்டு ஒருவரின் தற்சார்பை அளக்கும் முறையை சிட்னி கட்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1963 இல் வெளியிட்டனர். சேரும்போது இவற்றுள் எத்தனையைத் தானே செய்தார், இப்போது எத்தனையைச் செய்கின்றார் என்று குறித்துவைப்பது எந்தக் குடும்பத்தாலும் முடியும்.

விளைவு மட்டும் ஏன் போதாது?

"எங்கள் இல்லத்தில் இந்த வருடம் ஒருவர்கூட விழவில்லை" என்று பெருமையாகச் சொல்லும் ஓர் இல்லத்தைக் கற்பனை செய்யுங்கள். அங்கு எல்லாரையும் கட்டிலோடு கட்டிவைத்திருந்தாலும், தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்தியிருந்தாலும் அதே கணக்கு வரும். கட்டிவைக்கப்பட்டவர் விழமாட்டார், ஆனால் தசை மெலிந்து, புண் வந்து, மனம் ஒடிந்து போவார். மறுபுறம், மிகவும் நோயுற்றவர்களை மனமுவந்து ஏற்கும் இல்லத்தில் மரணங்கள் அதிகமாகத்தான் இருக்கும். அதனால் அது மோசமான இல்லமாகிவிடாது. எண்ணிக்கையைப் பார்த்ததும் அது எப்படி வந்தது என்று கேட்பதற்கே மூன்று அளவுகோல்களும் சேர்ந்து தேவைப்படுகின்றன.

நமக்குரிய சில கேள்விகள்

தமிழ் மட்டும் பேசும் ஒரு மூதாட்டியைச் சுற்றி அம்மொழி அறிந்தவர் எவருமில்லையென்றால், "நெஞ்சு அடைக்கிறது" என்று அவர் சொல்வது யாருக்கும் விளங்காது. எனவே ஒவ்வொரு வேலைநேரத்திலும் அவருடைய மொழி அறிந்த ஒருவராவது இருக்கின்றாரா என்பது பாதுகாப்பு சார்ந்த கேள்வி. பெண்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் ஊழியர் உண்டா? வுழூச் செய்யவும், நாற்காலியில் அமர்ந்தவாறு தொழவும் உதவுவார்களா? ஹலாலான உணவு கிடைக்குமா? நோன்பு மாதத்தில் நீரிழிவு மருந்தைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே ஆலோசிப்பார்களா? வேறு சமயத்தவருக்கும் அவரவர் வழக்கங்கள் சார்ந்த இத்தகைய கேள்விகள் இருக்கும்.

முதியவரிடம் எப்படிக் கேட்பது?

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றே பதில் வரும். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்ற எண்ணமும், நாம் சென்ற பிறகு அதே ஊழியரோடுதான் இருக்க வேண்டும் என்ற அச்சமும் அந்தப் பதிலுக்குள் மறைந்திருக்கலாம். எனவே ஊழியர் பக்கத்தில் இல்லாதபோது, குறிப்பாகக் கேளுங்கள். "நேத்து ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க?" "ராவுல கூப்பிட்டா யார் வாறாங்க?" "கடைசியா எப்ப வெளிய போய் வெயில்ல இருந்தீங்க?" பதிலை மட்டுமன்றி, பதில் சொல்லும் முன் அவர் கண்கள் எங்கே போகின்றன என்பதையும் பாருங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதை அடைந்தவரை முதியவர் எனக் கொள்கின்றது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது கூறுகின்றது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையை நாடவும் வழிசெய்கின்றது. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்படவும் அது ஏற்பாடு செய்துள்ளது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். குறைகளைக் கண்டால் திகதியிட்டு எழுதிவைத்து, முதலில் பொறுப்பாளரிடம் கூறுங்கள். பயனில்லையென்றால் பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, முதியோருக்கான தேசிய செயலகத்தையோ நாடலாம்.

நம் வீட்டையும் அளப்போம்

இல்லங்களுக்காகச் சொன்ன இந்த அளவுகோல்களை நம் வீட்டு வாசலிலும் வைத்துப் பார்க்கலாம். வாப்பும்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கின்றதா? குளியலறையில் கைபிடிக் கம்பி உண்டா? அவரை இரவில் திருப்பிப் படுக்கவைப்பவர் யார்? பெரும்பாலும் அது ஒரே ஒரு பெண்தான். அந்த மகளுக்கோ மருமகளுக்கோ வேலைநேரம் முடிவதில்லை. மாற்று ஆளும் இல்லை. ஓர் இல்லத்தில் ஒரே ஊழியர் இரவும் பகலும் ஓய்வின்றி உழைத்தால் அங்கு தரம் இல்லை என்று சொல்வோம். வீட்டில் அதே நிலையைப் பாசம் என்று அழைத்துக் கடந்துபோகின்றோம்.

மாணவியரே, பாடசாலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் மூத்தவரின் அருகில் அமர்ந்து உணவூட்டுவதும், குதிகாலைப் பார்ப்பதும், நிறையைக் குறித்துவைப்பதும் உங்களால் இயன்றவை. வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளிடமும் அதில் ஒரு பங்கைக் கேளுங்கள். பெற்றோரே, முதுமையில் எங்கே, யாரோடு, எவ்வாறு வாழ விரும்புகின்றீர்கள் என்பதைத் தெம்புள்ள காலத்திலேயே பிள்ளைகளிடம் மனந்திறந்து சொல்லிவையுங்கள். வீடாயினும் இல்லமாயினும், நல்ல பராமரிப்பைக் கேட்டுப் பெறுவது முதியவரின் உரிமை. அதைக் கவனித்துப் பார்ப்பது நம் கடமை.