வழுவும் வழுவமைதியும்

மாலையில் வீடு திரும்பும் பசுவைக் கண்ட உழவர், "என் அம்மை வந்தாள்" என்கிறார். பசு அஃறிணை, 'வந்தது' என்பதே அதற்குரிய வினைமுற்று. எனவே, இது திணை வழு. ஆயினும் இலக்கணம் அவரைத் திருத்த முற்படுவதில்லை. உவப்பினால் திணை மயங்கிற்று எனக் காரணம் கூறி, வழுவமைதி என ஏற்றுக்கொள்கிறது. உள்ளறையிலிருந்து "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் கொடுப்பவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறும் இதனையும் நன்னூல் அமைத்துக்கொள்கிறது. விதியை வகுத்த நூலே அதனை மீறும் இடங்களையும் வகுத்திருப்பது எண்ணத்தக்கது.

திணை வேறுபாடு அறியாத ஒருவர் அதே தொடரைக் கூறினால் அது பிழையே. சொல் ஒன்றாயிருக்க, கேட்போர் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? உழவர் பிற இடங்களில் 'ஆடு மேய்ந்தது', 'கன்று துள்ளியது' என வழுவாது பேசுகிறார். அதனால்தான் ஓரிடத்தில் நேர்ந்த மாற்றம் அன்பாக ஒலிக்கிறது. எல்லா உயிர்களையும் 'அவள்' என்பவர் பேச்சில் அவ்வன்பு தனித்துத் தெரியாது.

செய்யுளிலும் இதனைக் காணலாம். பாரதியார் தம் விநாயகர் நான்மணிமாலையில் வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் ஆகியவை மாறி மாறி வர, 40 பாடல்களை அந்தாதியாகத் தொடுத்தார். இவற்றுள் கட்டளைக் கலித்துறை மிகக் கண்டிப்பானது. நேரசையில் தொடங்கும் அடியில் ஒற்று நீங்கலாக 16 எழுத்துகளும், நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்துகளும் வருதல் வேண்டும். இவ்வாறு எழுத்தெண்ணிப் பாடியவரே 'காட்சி' என்னும் வசன கவிதையில் சீரையும் தளையையும் விலக்கினார். ஆனால், ஓசையை அவர் விட்டுவிடவில்லை. சிறு தொடர்களும், மீண்டும் மீண்டும் வரும் சொற்களும், அடுக்கி வரும் விளிகளும் யாப்பின் பணியை அங்கு ஏற்றுக்கொள்கின்றன. எதனை நீக்கினால் எதனைக் கொண்டு ஈடுசெய்வது என்பதை யாப்பில் தோய்ந்த செவி அறிந்திருந்தது.

பின்னர், 1934இல் ந. பிச்சமூர்த்தி 'காதல்' என்னும் கவிதையின் வழியே புதுக்கவிதைக்குத் தொடக்கமிட்டார். 1959இல் தோன்றிய 'எழுத்து' இதழ் அதனை வளர்த்தது. உரைநடையை ஒடித்து அடுக்கினாலே கவிதையாகிவிடும் என்னும் மயக்கமும் உடன் வளர்ந்தது. அத்தகைய வரிகளை ஒரே பத்தியாகச் சேர்த்து வாசித்தால் வெறும் செய்திக்குறிப்பே எஞ்சும். 'காட்சி'யைப் பத்தியாக்கி வாசித்தாலும் அதன் தாளம் செவியில் நிற்கிறது.