தோற்காமல் தோற்ற சீன மகளிர்

ஒரு கால்பந்துக் குழு உலகக் கோப்பைப் போட்டிக்குச் செல்கிறது. ஆறு ஆட்டங்கள் ஆடுகிறது. ஆறில் ஒன்றிலும் தோற்கவில்லை. போட்ட கோல்கள் 19. வாங்கியவை இரண்டே இரண்டு. ஆயினும் கோப்பை கிட்டாமல் ஊர் திரும்புகிறது. இது விடுகதையன்று. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த மூன்றாவது மகளிர் உலகக் கோப்பையில் சீனக் குழுவுக்கு நேர்ந்த கதை. அந்தப் போட்டியின் ஏட்டைப் புரட்டினால் சீனாவின் பெயருக்கு நேரே ஐந்து வெற்றி, ஒரு சமநிலை என்றுதான் இருக்கும். தோல்வி என்ற கட்டத்தில் சுழியம்.

இந்த ஆட்டம் நடந்தபோது நான் பிறக்கவேயில்லை. பதிவு செய்யப்பட்ட படத்தைத்தான் கண்டேன். அதுவும் ஒருமுறையன்று, பலமுறை. கணிதம் பயிலும் மாணவி என்பதாலோ என்னவோ, கோப்பையை வென்றவர்களின் ஆரவாரத்தைவிட, தோற்றவர்களின் கணக்கே என் மனத்தில் தங்கிவிட்டது.

சீனப் பெண்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். முதல் மகளிர் உலகக் கோப்பை 1991இல் அவர்கள் நாட்டில்தான் நடந்தது. அன்று பெண்களுக்கு ஆட்டநேரம் 80 நிமிடம்தான்! ஆண்களுக்கு 90. பத்து நிமிடத்தை எதற்காகக் குறைத்தார்கள் என்று இன்று எண்ணினால் சிரிப்புதான் வருகிறது. 1995இல் சுவீடனில் நடந்த போட்டியின் காலிறுதியில், போட்டியை நடத்திய சுவீடனையே பெனால்டி உதைகளில் 4-3 என்று சீனா வீழ்த்தியது. மகளிர் உலகக் கோப்பையில் பெனால்டி உதைகளால் முடிவு காணப்பட்ட முதல் ஆட்டம் அதுவே. 1996 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் 2-1 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். 1999இல் சுவீடன், கானா, ஆஸ்திரேலியா, ரஷ்யா ஆகிய நாடுகளை வரிசையாக வென்று, அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான நார்வேயை 5-0 என்று சாய்த்தார்கள். தலைவி சுன் வென் அந்தப் போட்டியில் 7 கோல் போட்டார். சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்தும் அவருக்கே கிடைத்தது.

இறுதியாட்டம் ஜூலை 10 அன்று, கலிபோர்னியாவின் பசதேனா நகரிலுள்ள ரோஸ் பவுல் மைதானத்தில். பார்வையாளர் 90,185 பேர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனும் வந்திருந்தார். கொளுத்தும் வெயில். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கியது. அக்காலத்தில் ‘தங்க கோல்’ என்றொரு விதி இருந்தது: கூடுதல் நேரத்தில் முதலில் யார் கோல் போடுகிறாரோ அவரே வென்றவர், ஆட்டம் அந்நொடியே முடிந்தது. நூறாவது நிமிட அளவில் சீனாவுக்குக் கிடைத்த மூலை உதையை ஃபான் யுன்ஜியே தலையால் முட்டினார். பந்து கோல்கீப்பரைக் கடந்துவிட்டது. கம்பத்தருகே கோட்டின் மீது நின்றிருந்த கிறிஸ்டின் லில்லி என்ற அமெரிக்கப் பெண் தன் தலையால் அதைத் திருப்பி அடித்தார். அவர் அங்கே நிற்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. 120 நிமிடம் முடிந்தும் 0-0. எனவே பெனால்டி உதைகள்.

அதைப் பற்றிச் சற்று விளக்குவது நலம். நாக்-அவுட் ஆட்டத்தில் ஒருவர் வெளியேறியே தீரவேண்டும். 1970க்கு முன்பு சமநிலையில் முடிந்த ஆட்டத்தை மீண்டும் ஆடுவார்கள். அதற்கு நேரமில்லையெனில் சீட்டுக் குலுக்குவார்கள், அல்லது நாணயத்தைச் சுண்டுவார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் குழுவை இத்தாலி வென்றது நாணயம் சுண்டித்தான். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் குழு சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் இழந்தது. அந்த மனக்குறையில் இஸ்ரேலிலிருந்து எழுந்த யோசனையே பெனால்டி உதை முறை. 1970இல் அது விதியாயிற்று. பக்கத்துக்கு ஐந்து பேர், மாறி மாறி உதைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சமமானால் ஆளுக்கொன்றாகத் தொடர வேண்டும். இதில் வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வார் அல்லது கோப்பையைப் பெறுவார். ஆட்டம் மட்டும் ஏட்டில் சமநிலை என்றே பதியப்படும். தொடக்கத்தில் நான் கூறிய புதிருக்கு விடை இதுதான்.

பன்னிரண்டு கஜ தூரம். கோலின் அகலம் எட்டு கஜம், உயரம் எட்டு அடி; ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து, அந்தத் தூரத்தை ஒரு நொடியின் பத்தில் நான்கு பங்கில் கடந்துவிடும். பந்து புறப்பட்டதைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் பாய்வது என்று கோல்கீப்பர் முடிவு செய்ய நேரம் போதாது. ஆகவே அவர் ஊகிக்கிறார். ஊகம் சரியாக இருந்து, ஓரடி முன்னால் வந்தும் நின்றுவிட்டால், பந்து செல்லக்கூடிய இடைவெளி இன்னும் குறுகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

சீனா முதலில் உதைத்தது. ஷியே ஹுய்லின் கோல். அமெரிக்காவின் ஓவர்பெக் கோல். சியூ ஹையான் கோல். ஃபாசெட் கோல். மூன்றாவதாக வந்தவர் லியூ யிங். அமெரிக்கக் கோல்கீப்பர் பிரியானா ஸ்கர்ரி பொதுவாக உதைக்க வருபவரின் முகத்தைப் பார்ப்பதில்லையாம். லியூ யிங் வரும்போது பார்த்தார், அவர் நடையிலேயே தளர்ச்சியைக் கண்டு இதைத் தடுப்பேன் என்று உறுதி கொண்டதாகப் பின்னாளில் கூறினார். அப்படியே தம் இடப்புறம் பாய்ந்து தடுத்தார். பிறகு லில்லி, ஜாங் ஓயிங், மியா ஹாம் மூவரும் போட்டார்கள். ஐந்தாவதாக சுன் வென். தவறினால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்ற நிலையில் நிதானமாகப் போட்டார்: 4-4. கடைசியாக அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன், பயிற்சியாளர் சொற்படி இடக்காலால் உதைத்தார். பந்து காவ் ஹோங்கைத் தாண்டி வலையில் விழுந்தது. 5-4. சாஸ்டெய்ன் மேற்சட்டையைக் கழற்றி மண்டியிட்ட படம் உலகப் பத்திரிகைகளின் அட்டையில் ஏறியது. லியூ யிங்கின் படம் எந்த அட்டையிலும் ஏறியதாக நான் கண்டதில்லை.

இப்போது அந்த ஓரடிக்கு வருவோம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், லியூ யிங்கின் கால் பந்தில் படுவதற்கு முன்பே ஸ்கர்ரி கோட்டை விட்டு முன்னேறியது தெளிவாகத் தெரிகிறது. பந்து உதைக்கப்படும் வரை கோல்கீப்பர் கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகரலாம், முன்னே வரக்கூடாது என்பதே அன்றைய விதி. மீறித் தடுத்தால் மறுபடியும் உதைக்க விட வேண்டும். ஸ்விட்சர்லாந்து நாட்டு நடுவர் நிக்கோல் பெட்டிஞா ஊதல் ஊதவில்லை. முன்னே வந்ததை ஸ்கர்ரியே மறைத்துப் பேசியதுமில்லை.

இதைக் கொண்டு அமெரிக்கா கோப்பையைத் திருடிவிட்டது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்கள் ஆட்டத்திலும் பெண்கள் ஆட்டத்திலும் கோல்கீப்பர்கள் முன்னே வருவதும், நடுவர்கள் அதைக் கண்டும் காணாமல் விடுவதும் அன்று நாள்தோறும் நடந்தவை. ஏட்டில் ஒரு விதியும் களத்தில் வேறொரு வழக்குமாக இருந்தன. 2019இல்தான் நிலை மாறியது. ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேல் இருந்தால் போதும் என்று விதியைத் தளர்த்தி, அதே வேளையில் ஒளிப்பதிவைப் பார்த்துக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். அவ்வாண்டு பாரீஸில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், அர்ஜென்டினாவின் பெனால்டியைத் தடுத்த ஸ்காட்லாந்து கோல்கீப்பர் லீ அலெக்சாண்டர் கோட்டை விட்டு வந்ததாகக் கண்டு மறு உதை கொடுத்தார்கள். அது கோலாயிற்று, 3-0 என்று முன்னிலையில் இருந்த ஸ்காட்லாந்து 3-3இல் முடித்து வெளியேறியது. 1999இல் லியூ யிங்குக்குக் கிடைக்காத மறு உதை அது. 2023இல் மெல்போர்ன் நகரில் அமெரிக்காவே பெனால்டி உதைகளில் சுவீடனிடம் 5-4 என்று இழந்து வெளியேறியபோது, கடைசிப் பந்தைக் கோல்கீப்பர் தட்டியும், அது மயிரிழை அளவு கோட்டைக் கடந்துவிட்டது என்று கருவிதான் சொன்னது.

கணக்குக்கு வருகிறேன். பெரிய ஆட்டங்களில் பெனால்டி உதைகள் நான்கில் ஏறத்தாழ மூன்று கோலாகும் என்பது பொதுவான அனுபவம். அப்படியானால் ஐந்து பேரும் பிழையின்றிப் போடும் வாய்ப்பு எவ்வளவு? முக்காலை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 24 விழுக்காடுதான். ஐவரில் சரியாக ஒருவர் தவறவிடும் வாய்ப்பு 40 விழுக்காடு. இருவர் தவறவிடுவது 26. ஆக, ஒரு நல்ல குழுவிடம் எதிர்பார்க்க வேண்டிய மிகச் சாதாரண முடிவு ‘ஐந்துக்கு நான்கு’. சீனா செய்தது அதைத்தான். நான்கில் ஒருமுறை மட்டுமே நிகழக்கூடிய ஐந்துக்கு ஐந்தை அமெரிக்கா அன்று செய்தது. நடுவட்டத்திலிருந்து தன்னந்தனியாக முப்பது நாற்பது மீட்டர் நடந்து வருபவளின் நெஞ்சுப் படபடப்பை இந்தப் பெருக்கல் அறியாது என்பது உண்மையே. இருந்தாலும், லியூ யிங் தவறினார், அதனால் சீனா தோற்றது என்று எழுதுபவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை பார்க்கட்டும் என்பேன். ஐவரில் யாரோ ஒருவர் அவராக ஆகியிருக்கவே கூடும்.

அதே மைதானத்தில் 1994இல் ஆண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டமும் 0-0 என்று முடிந்து, இத்தாலியின் பாஜியோ கம்பத்துக்கு மேலே உதைத்துப் பிரேசிலிடம் கோப்பை போனது. 1999 இறுதியாட்ட நாளன்றும் அங்கே மூன்றாமிடத்துக்கான ஆட்டம் பெனால்டியில்தான் முடிந்தது; நார்வேயைப் பிரேசில் 5-4 என்று வென்றது.

சீனா அதன் பின் ஓர் உலகக் கோப்பையிலும், 2023 வரை, காலிறுதியைத் தாண்டவில்லை. 2011க்குத் தகுதியே பெறவில்லை. 2023இல் முதல் சுற்றோடு திரும்பியது. சுன் வென்னை மட்டும் உலகம் மறக்கவில்லை. நூற்றாண்டின் சிறந்த வீராங்கனை என்ற பட்டத்தை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இடையில் ஒரு நல்ல பொழுதும் வாய்த்தது. அது நம் நாட்டு மண்ணில். 2022 ஆசியக் கோப்பை இந்தியாவில் நடந்தது. புனேயில் நடந்த அரையிறுதியில் ஜப்பான் இருமுறை முந்தியும், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் வாங் ஷான்ஷான் 2-2 என்று சமன் செய்தார். பெனால்டி உதைகளில் 4-3 என்று சீனா வென்றது. நவி மும்பையில் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 0-2 என்று பின்தங்கி, பிறகு 3-2 என்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். குழுவின் பயிற்சியாளர் ஷுய் சிங்சியா, 1996 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற குழுவில் ஆடியவர்.