லட்சமா, எட்டாயிரமா?

மாதம் சுமார் 1,20,000 ரூபாய். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளீவெக் மாத்திரைக்கு இந்தியாவில் வைத்த விலை இது. அதிலுள்ள அதே இமாட்டினிப் மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. இடையிலிருந்த லட்சத்துச் சொச்சமும் காப்புரிமையை நம்பி வைத்த விலை. அந்தக் காப்புரிமையை முதலில் மறுத்தது சென்னை.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு வழியில்லாத பலர் சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தார்கள். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்தக் கணக்கை மாற்றியது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். ஆனால் நிறுத்தக் கூடாது. பெரும்பாலோர் ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மருந்து இது.

நோவார்ட்டிஸ் 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. கேட்டது மூல மருந்துக்கு அல்ல, அதன் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு. 2005-ல் இந்தியச் சட்டத்தில் திருத்தப்பட்ட 3(டி) பிரிவோ, பழைய பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தாலொழிய காப்புரிமை கிடையாது என்றது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்து வாதிட, 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டப்பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதையும் தள்ளுபடி செய்தது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பார்த்த நீதிமன்றம், 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை கிடையாது என்று வழக்கை முடித்துவைத்தது.

இந்திய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது நிறுவனம். ஆயிரக்கணக்கானோர் அப்படிப் பெற்றது உண்மை. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும் மருந்தை நம்பி ஒருவர் எத்தனை ஆண்டு நிம்மதியாகத் தூங்க முடியும்? எட்டாயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைப்பது வேறு.

ஆராய்ச்சிச் செலவை எப்படித்தான் எடுப்பது என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2001-ல் அங்கே ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த கிளீவெக், 2012-ல் 92,000 டாலர். போட்ட முதலை எடுத்த பிறகும் விலை மும்மடங்கானது. அந்த ஒரே ஆண்டில் உலகளவில் இதன் விற்பனை 460 கோடி டாலருக்கு மேல். பொறுக்க முடியாமல் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் 2013-ல் ‘பிளட்’ மருத்துவ இதழில் கூட்டாக எழுதினார்கள். நோயாளியின் உயிராசையை வைத்து விலை நிர்ணயிப்பது தவறு என்பதே அவர்கள் கட்சி. மருத்துவர்களே இப்படிச் சேர்ந்து பேசுவது அபூர்வம்.

இப்போது சண்டை வேறு மருந்துகளுக்கு நகர்ந்திருக்கிறது. முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கித் தசையைக் கரைக்கும் எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரை நோய்க்கு ரிஸ்டிப்லாம். ரோஷ் நிறுவனத்தின் புட்டி ஒன்று சுமார் 6.2 லட்சம் ரூபாய். ஐதராபாத்தின் நாட்கோ அதே மருந்தைத் தயாரிப்பதைத் தடுக்க ரோஷ் தொடுத்த வழக்கில், தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுக்க, நாட்கோவின் புட்டி 15,900 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது.

இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 புட்டி வேண்டும். புது விலையிலும் நாலேமுக்கால் லட்சம் ஆகிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இன்னமும் எட்டாத தொகைதான். ஆனால் அரிய நோய்களுக்கு மத்திய அரசு ஒருவருக்குத் தரும் அதிகபட்ச உதவி 50 லட்சம் ரூபாய். பழைய விலையில் அது மூன்று மாதத்துக்குக் காணும். புது விலையில் பத்து ஆண்டு வரும்.